இடப்பக்கம் ஒரு கார்

சைரனின் அப்பா பத்தொன்பது நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சைரன் என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் அல்ல. பிறந்த அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டு, "இவ என் வண்டி சைரனையே தோற்கடிச்சிடுவா போலிருக்கே!" என்று அப்பா சொன்னாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது. சத்தம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஓட்டுநராக இருந்தார் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். அந்த 'இருந்தார்' மட்டும் சைரனின் வாயில் வரவே மாட்டேன் என்றது.

பதினாறு வருஷம் ஓட்டினார். வேகமாகத்தான் ஓட்டுவார், ஆனால் வண்டி குலுங்காது. "பின்னால ஒருத்தர் படுத்திருக்கார் இல்ல?" என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விளிம்புவரை நிரம்பிய தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மூன்று அறை தாண்டி வருவார், ஒரு சொட்டு சிந்தாது. கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது.

ஒருநாள் நாற்சந்தியில் இடப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கடைசி நொடியில்தான் அப்பா அதைப் பார்த்தார். பிரேக் பிடித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சைக்கிள் எங்கிருந்து முளைத்தது என்று அவருக்குப் புரியவில்லை. வேலை முடிந்ததும் அவராகவே கண் டாக்டரிடம் போனார்.

"நேரே இருப்பது தெரியும். இடப்பக்க ஓரத்தில் வருவது தெரியாது. நரம்பில் கோளாறு. போன பார்வை திரும்பி வராது" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே வண்டிச் சாவியை மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர்தான். வாசலுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் "வேண்டாம்" என்பார். வேறு எதற்கும் "ம்" என்பார். திங்கட்கிழமைவரை இந்த இரண்டைத் தவிர வேறு வார்த்தையே அவரிடமிருந்து வரவில்லை.

திங்கட்கிழமை அம்மா மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று பெரியவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். யார் சொன்னார்களோ தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்னு லெட்டர்ல போட்டிருக்குங்க. அதே ஆஸ்பத்திரி, அதே ஆளுங்க. கன்ட்ரோல் ரூம் வேலைதானே?"

"காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு, உக்காந்த இடத்துலேர்ந்து வழி சொல்றதா?" அப்பாவின் குரல் கரகரத்தது. "ரோட்டையே பாக்காதவங்க செய்யற வேலை அது. எத்தனை தடவை என்னைக் கொண்டுபோய் நெரிசல்ல மாட்டி விட்டிருக்காங்க! எனக்கு வேண்டாம்."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை தாண்டினா அதையும் வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. இப்படியே படுத்துக் கிடந்தா..." அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் சைரனுக்குப் பயமாக இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மாடி வீட்டுப் பையன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். சைரனின் வகுப்புதான். எதைப் பேசினாலும் "நிஜத்துல எப்படின்னா..." என்று ஆரம்பிப்பதால் வகுப்பு முழுக்க அவனை 'நிஜம்' என்றே கூப்பிடும்.

"எங்க தங்கச்சிப் பாப்பா தூங்கறா. கார் சத்தம் கேட்டா முழிச்சுக்கறா. எங்கேயாவது எடுத்துட்டுப் போய் விளையாடுன்னு அம்மா துரத்திட்டாங்க" என்றான்.

பெட்டியில் கார் பந்தய விளையாட்டு இருந்தது. வெறும் பொத்தான் வைத்தது அல்ல. நிஜமான ஸ்டியரிங், கியர், கீழே மூன்று பெடல். ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் திருகி மாட்டினான். பெடல்களை மேஜைக்கு அடியில் தள்ளினான். டிவியில் கார் வந்து நின்றது. டயரில் ஒட்டியிருந்த தூசிகூடத் தெரிந்தது.

"மத்தவங்கல்லாம் உதவியைப் போட்டுக்கிட்டு ஓட்டுவாங்க" என்றான் நிஜம், மூக்கைச் சுருக்கி. "பிரேக் தானா பிடிக்கும், வளைவுல தானா திரும்பும். அதெல்லாம் பாப்பா விளையாட்டு. நான் எல்லா உதவியையும் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். நிஜத்துல எப்படியோ அப்படியே இருக்கும்."

சைரன் உட்கார்ந்தாள். முதல் வளைவில் புல்லுக்குள் போனாள். இரண்டாம் முறை சுவரில் மோதினாள். மூன்றாம் முறை கழன்ற சக்கரம் அவளையே முந்திக்கொண்டு போனது.

நாலாம் முறை காரை எப்படியோ நேராகக் கொண்டுபோனாள். எஞ்சின் வீல் வீலென்று கத்தியது.

"கியர மாத்து!"

சைரன் திடுக்கிட்டாள். அது நிஜத்தின் குரல் அல்ல.

"எஞ்சின் கதறுது, காது கேக்கலையா? கியர மாத்து!" உள்ளறையிலிருந்து வந்தது குரல்.

கார் போய் எதிலோ மோதியது. சைரன் அதைப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது நாளில் அப்பா தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கு மாத்தத் தெரியலப்பா!" என்று கத்தினாள். "வந்து காட்டுங்களேன்!"

கட்டில் கிறீச்சிட்டது. சவரம் செய்யாத முகத்தோடும் கசங்கிய சட்டையோடும் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து நாற்காலியை இரண்டு விரல் அளவு பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.

"பின்னால பாக்கற கண்ணாடி எங்கே?"

நிஜம் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையின் மேலே சின்னக் கண்ணாடி வந்தது.

"சீட் பெல்ட்?"

"அதெல்லாம் வேண்டாம் மாமா."

"வேண்டாமா? நிஜம்னு வேற பேரு வச்சிருக்கே" என்றார் அப்பா. சைரன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு கார்கள். விளக்கு அணைந்ததும் பதினொன்று பாய்ந்து போய்விட்டன. அப்பா பூப்போலக் கிளம்பினார். முதல் வளைவுக்கு வெகுதூரம் முன்பே பிரேக்கை மெதுவாக அழுத்த ஆரம்பித்தார்.

"மாமா, இவ்வளவு சீக்கிரம் பிரேக் போடக் கூடாது!"

"பழக்கம்டா. பின்னால யாரோ படுத்திருக்காங்கன்னே தோணுது."

ஆனால் இரண்டாம் சுற்றில் அவருக்குப் பாதை பிடிபட்டுவிட்டது. ஒரு காரைத் தாண்டினார். இன்னொன்றைத் தாண்டினார். கூன் போட்டிருந்த முதுகு நிமிர்ந்தது. சைரன் திரையைப் பார்க்கவில்லை, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் சுற்றில் ஒரு சிவப்புக் கார் இடப்பக்கமாக வந்து ஒட்டியது. சைரன் பார்த்தாள். நிஜம் பார்த்தான். அப்பா பார்க்கவில்லை. அவர் நிதானமாக இடப்பக்கம் திரும்பினார்.

டமார் என்று ஒரு சத்தம். கார் மூன்று முறை உருண்டு தலைகீழாகக் கிடந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சு அது?" என்றார் அப்பா.

நிஜத்துக்கு அப்பாவின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இடப்பக்கத்துலேர்ந்து மாமா! அவ்வளவு பெருசா தெரிஞ்சுதே!" என்றான்.

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமாம். உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். சத்தமே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் "வேண்டாம்" என்றுகூடச் சொல்லவில்லை. முன்பு வந்த 'ம்'கூட இப்போது வரவில்லை. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சைரனுக்குத் தெரிந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமில்லாமல் அழுதாள்.

*

மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அது மோசமான யோசனை, ஆனால் வரும்போது அப்படித் தெரியவில்லை.

"எல்லா உதவியையும் ஆன் பண்ணு" என்றாள் நிஜத்திடம்.

"எதுக்கு? அது ஏமாத்து."

"ஒரே ஒரு தடவை எங்கப்பா ஜெயிக்கணும். கேள்வி கேக்காதே."

நிஜம் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டான். சைரன் அறை வாசலில் நின்று, "அப்பா! நான் நிஜத்தோட பந்தயம் கட்டிட்டேன். நீங்க வந்து ஓட்டலைன்னா தோத்துடுவேன்" என்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

வெகுநேரம் கழித்து அப்பா வந்தார். மகள் தோற்கக் கூடாது என்பதற்காக மட்டும் வந்தார்.

கார் ஓடியது. எப்படி ஓடியது! வளைவில் வழுக்கவில்லை. யார்மீதும் இடிக்கவில்லை. இடப்பக்கம் ஒரு கார் வந்தபோது தானாகவே ஒதுங்கிக்கொண்டது. எட்டாவது, ஐந்தாவது, மூன்றாவது.

"சூப்பர் மாமா!" என்று நிஜம் கைதட்டினான். தேவைக்கு மேலேயே தட்டினான்.

அப்பாவின் முகத்தில் ஏதோ மாறியது. அடுத்த வளைவு நெருங்கும்போது அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. யார் கையும் படாமலே அது இப்படியும் அப்படியும் அசைந்தது. கார் அழகாக வளைவைத் தாண்டிப் போய் இரண்டாவதாக வந்தது. திரையில் வாணவேடிக்கை வெடித்தது.

"யார் ஓட்டினது இதை?" என்று கேட்டார் அப்பா.

"நீங்கதான்பா."

"சைரன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "எல்லா உதவியும் போட்டுட்டேன்பா. நீங்க ஜெயிக்கணும்னு..."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வண்டி தானா ஓடுது" என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "அப்ப நான் எதுக்கு?"

அவர் உள்ளே போனபிறகு நிஜம் மாடிக்குப் போய்விட்டான். அம்மா வேலையிலிருந்து வந்தபோது சைரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு விட்டா வெள்ளிக்கிழமை" என்றார். "எனக்கும் என்ன செய்யறதுன்னு தெரியலடி."

அம்மாவுக்குத் தெரியாத விஷயமும் இருக்கும் என்று சைரனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

*

வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும்போது நிஜம் அவளோடு பத்தடி தள்ளியே நடந்தான். தெருமுனையில்தான் பக்கத்தில் வந்தான்.

"உங்கப்பாவுக்கு என்னாச்சு?"

சைரன் சொன்னாள். சைக்கிள், டாக்டர், சாவி எல்லாம்.

நிஜத்தின் காது சிவந்துவிட்டது. "'அவ்வளவு பெருசா தெரிஞ்சுதே'ன்னு நான் சொன்னேனே" என்றான். "என் வாயில பசையைத் தடவி ஒட்டணும்."

"உனக்குத் தெரியாதே."

வீட்டுக்கு வந்ததும் சைரன் விளையாட்டில் உதவிப் பட்டியலைத் திறந்தாள். மொத்தம் பதினொரு உதவிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். அது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. நிஜத்துக்கு எல்லாம் ஆஃப். நேற்று அவளுக்கு எல்லாம் ஆன். நடுவில் ஒன்று இருக்கக் கூடாதா என்ன?

"பிரேக் உதவி. எங்கப்பாவுக்கு எதுக்கு?" ஆஃப் செய்தாள். "ஸ்டியரிங் உதவி. வேண்டாம். கியர் உதவியா? சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டே எப்ப கியர் மாத்தணும்னு சொன்னவர் அவர்." ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்று மீந்தது. பக்கத்தில் கார் வந்தால் அறிவிக்கும் குரல்.

"இதையும் ஆஃப் பண்ணித்தானே வச்சிருந்தே? ஏன்?"

"இதுவும் உதவிதானே" என்றான் நிஜம்.

"நிஜமான பந்தயத்துல ஓட்டறவங்க காதுல ஒண்ணு மாட்டியிருப்பாங்களே, அது எதுக்கு?"

நிஜம் தலையைச் சொறிந்தான். "அது... வெளியிலேர்ந்து ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பார். பக்கத்துல கார் வருது, முன்னால விபத்துன்னு சொல்லுவார்."

"அப்ப அது நிஜம்தானே?"

"ஆமாம்."

"உதவியும்தானே?"

நிஜத்துக்குப் பதில் வரவில்லை. அப்படி ஒன்று நடந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

குரலைப் போட்டுப் பார்த்தார்கள். நேற்றுப் போலவே அது ஏதோ ஒரு மொழியில் மூச்சுவிடாமல் படபடத்தது. சைரன் அதையும் அணைத்தாள்.

"நானே சொல்றேன்."

இந்த முறை அவள் வாசலில் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நேத்து பொய் சொன்னேன். பந்தயம் எதுவும் கட்டல. இன்னிக்கு எல்லா உதவியையும் எடுத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கு. அது நான்தான். இடப்பக்கம் நின்னு, கார் வந்தா சொல்லுவேன். பிடிக்கலைன்னா நீங்க எழுந்திருக்க வேண்டாம்."

அப்பா அசையவில்லை. அவளுக்குக் கால் மரத்துப்போனது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"கத்திச் சொல்லாதே" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "தெருவே ஓடி வந்துடும்."

*

சைரன் நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றாள். பந்தயம் தொடங்கியது.

"இடப்பக்கம் ஒரு கார்" என்றாள். "பின் சக்கரத்துக்கு நேரா வருது. கதவுக்கு நேரா. அங்கேயே இருக்கு, திரும்பாதீங்க. போயிடுச்சு. காலி."

அப்பா திரும்பினார். எதுவும் இடிக்கவில்லை.

"இன்னொண்ணு. மஞ்சள். பின்தங்கிட்டான். காலி."

பத்தாவது இடம். எட்டாவது. ஆறாவது. அவளுடைய 'காலி'க்காகக் காத்திருந்து அப்பாவின் கை திரும்பியது. நிஜம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய விளம்பரப் பலகையைத் தாண்டியதும் வலப்பக்க வளைவு. அங்கே மூன்று கார்கள் மோதிக் கிடந்தன. ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து புகைந்தது.

"ஓரமா இடம் இருக்கு மாமா! போங்க, அப்படியே மூணாவது வந்துடலாம்!" என்று துள்ளினான் நிஜம்.

அப்பா பிரேக்கை மெதுவாக அழுத்தினார். காரை ஓரமாகக் கொண்டுபோய், கவிழ்ந்த காருக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். அவருடைய கை மேஜை விளிம்பில் எதையோ தேடியது. எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைத் தேடுகிறார் என்று சைரனுக்குப் புரிந்தது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் விர்ரென்று கடந்து போயின.

"மாமா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஆளு இறங்கலையே."

"அதுல ஆளே இல்ல மாமா."

"கண்ணாடி நொறுங்கினது தெரியுது. புகை தெரியுது. டயர் தேஞ்சதுகூடத் தெரியுது." என்றார் அப்பா. "எல்லாம் நிஜம்னு சொன்னியேடா. ஆளு மட்டும் இல்லையா?"

நிஜம் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குலுங்காமல் வண்டி ஓட்டுகிற அப்பா. சைரன் அவர் அழுது பார்த்ததே இல்லை.

"இனிமே யாராவது இப்படிக் கெடந்தா என்னால போக முடியாது சைரன். போகவே முடியாது."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் அது பொய். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி, அது என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது.

"ஆமாம்பா" என்றாள். "முடியாது."

அப்பாவின் அழுகை இன்னும் கொஞ்சம் கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. சைரன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் ஓட்டறேன். நீங்க சொல்றீங்களா?" என்றாள். "எனக்கு கியர்கூடச் சரியா வரல. நீங்க சொன்னா வரும்."

அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தத்தைக் கூட்டி வை" என்றார் நிஜத்திடம். "கண்ணு வேண்டாம். காது போதும்."

நிஜம் புதுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினான். சைரன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கிளம்பினாள்.

"ரெண்டாவது கியர். இப்ப. மூணு. அவசரப்படாதே. பெரிய போர்டு வருதா? தாண்டினதும் பிரேக், மெதுவா. டயர் கத்துது, காலை எடு. ம், இப்ப திருப்பு. நல்லது. அடுத்தது ரெண்டு சின்ன வளைவு, முதல்ல இடது."

மூன்று பந்தயம்தான் அவர் ஓட்டியிருந்தார். அதற்குள் பாதை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. முதல்முறையாகச் சைரன் புல்லில் இறங்காமல், சுவரில் மோதாமல், சக்கரத்தைத் தொலைக்காமல் ஒரு முழுச் சுற்று ஓட்டினாள்.

"இந்த உதவி பட்டியல்லயே இல்லையே" என்று முணுமுணுத்தான் நிஜம்.

இரண்டாம் சுற்றில் அவளுக்கு முன்னால் போன பச்சைக் கார் வழுக்கிப் போய்த் தடுப்பில் மோதி நின்றது. சைரன் பிரேக்கை மெதுவாக அழுத்தி, ஓரமாக நிறுத்தினாள்.

எஞ்சின் சத்தம் இறங்கியதும் அப்பா கண்ணைத் திறந்தார். "ஏன் நிறுத்தின?"

"ஆளு இறங்கலையேப்பா."

அப்பா திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"எந்த இடம்?" என்றார்.

"பெரிய போர்டைத் தாண்டி, வளைவுல."

"வர்றதுக்கு வழி இருக்கா?"

"வலப்பக்கம் ஒரு வண்டி போற அளவுக்கு இருக்கு."

"வண்டி அனுப்பறேன். பயப்படாம அங்கேயே இருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தன் குரலைத் தானே கேட்டது போல அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் சைரன் கடைசியாக வந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மேஜைமேல் இருந்த கடிதமும் இல்லை.

அப்பா ஆறு மணிக்குத் திரும்பினார். பேருந்தில் போய் வந்திருந்தார். சவரம் செய்திருந்தார். ஆனால் முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?" என்றார் அம்மா.

"சரின்னு."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே பாத்திரம் எதுவும் அசையும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றார். சைரன் சத்தமில்லாமல் போய் அவருக்கு இடப்பக்கம் நின்றுகொண்டாள்.

"இடப்பக்கம் நான்" என்றாள்.

"தெரியும்" என்றார் அப்பா. ஆணியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்றார்.

*

மூன்று வாரம் கழித்து ஒருநாள், சைரனும் நிஜமும் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டி, வண்டிகள் நகர முடியாமல் நின்றன. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"ஐயோ, இதுல வந்து மாட்டப் போகுது!" என்றான் நிஜம்.

ஆம்புலன்ஸ் கடைத்தெருவுக்கு வரவே இல்லை. அதற்கு முன்பே பள்ளிக்குப் பின்புறச் சந்தில் திரும்பியது.

"இந்தச் சந்துல எப்படிப் போகும்?"

"போகும். ரெண்டு பக்கமும் ஒரு சாண் மீதி இருக்கும்" என்றாள் சைரன்.

வண்டி அவர்களைக் கடந்து போனது. ஓட்டுநர் புதியவர், சின்ன வயசுக்காரர். காதில் ஒன்று மாட்டியிருந்தார். ஏதோ கேட்டுத் தலையாட்டினார். வண்டி கொஞ்சமும் குலுங்காமல், வேகமாக, சந்தின் அந்தப் பக்கம் போய் மறைந்தது.

"யார்கிட்டயோ பேசிக்கிட்டே ஓட்டறாரு பாரேன்" என்றான் நிஜம்.

"எங்கப்பாகிட்ட" என்றாள் சைரன், அதிசயமாக, மெல்லிய குரலில்.